ரெண்டு மடக்கு ரசம்

பாஞ்சாலை வீட்டுப் புளி ஜாடி ஒன்றரை வருஷமாகப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. சண்டையில் யாரும் பிடுங்கிக்கொண்டு போனதல்ல. அவளே தூக்கிக்கொண்டு போய் வைத்ததுதான்.

"அக்கா, இது ஒங்க வீட்டுலயே கெடக்கட்டும். என் வீட்டுல இருந்தா என் கை சும்மா இருக்காது" என்று சொல்லி, அம்மாக்கண்ணுவின் அடுப்பு மேடைக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பேச்சும் இருமலும் தாளிப்பு வாசமும் சுவரைக் கேட்டுக்கொண்டு தாண்டுவதில்லை.

பாஞ்சாலையின் புருஷன் சின்னக்கருப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன மாதம் அது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மதியத்துக்கு மேல் வேன் வந்து அவரை டவுனுக்கு அழைத்துப் போகும். அங்கே மெஷினில் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று தமிழ் பேசுகிற நர்ஸ் அஸ்லினா மிஸ்ஸி பாஞ்சாலையை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வாழைப்பழம், இளநீர், புளி, இதெல்லாம் ஆகாது. அதில் இருக்கிற சத்தைப் பழுதான கிட்னி வெளியே தள்ளாது.

"அது ரத்தத்துல ஏறினா நெஞ்சு நின்னுரும்மா. சொல்லாமக் கொள்ளாம நின்னுரும்."

காய்கறியைப் பொடியாக நறுக்கி, ஊறப்போட்டு, வேகவைத்து, அந்தச் சத்து இறங்கின தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்றும் மிஸ்ஸி சொன்னாள். பாஞ்சாலை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கேரட், உருளைக்கிழங்கு, சாவி என்கிற சீனக் கீரை, எல்லாவற்றின் தண்ணீரையும் கொட்டினாள். அவள் கொட்டுகிற தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாக்கடை ஓரத்துச் செடிகள் கொழுத்து நின்றன. எல்லாம் சரி, ரசத்தை என்ன செய்வது? ரசம் என்றாலே தண்ணீர்தானே. அதைக் கொட்டிவிட்டால் சட்டியில் கறிவேப்பிலைதான் மிஞ்சும். அதனால்தான் ஜாடி வீடு மாறியது.

வேறு புருஷனென்றால் இது ஒரு பெரிய விஷயமில்லை. சின்னக்கருப்பனுக்கும் பாஞ்சாலைக்கும் கல்யாணம் நடந்ததே புளியால்தான்.

மலையில் கொழுந்தெடுக்கிறவர்களுக்குப் புளி என்பது சமையல் சாமான் மட்டும் இல்லை. மழை பெய்த சரிவில் கால் பிசகாதவர் யார்? புளியைக் கரைத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, இரும்புக் கரண்டியில் கொதிக்க வைத்து, தோல் பொறுக்கிற சூட்டில் பத்துப் போட்டால் வீக்கம் வாங்கும். காய்ச்சலடித்த வாய்க்குப் புளித்தண்ணீரும் வெல்லமும். வயிறு இறுகிக் கிடந்தால் அதுவே கொஞ்சம் கெட்டியாக. மசக்கைக்காரிக்கு உப்புத் தொட்ட ஒரு சுளை. சம்பள நாளில் அளவில்லாமல் குடித்துவிட்டு வந்து விழுகிறவனுக்கு, மூக்கைப் பிடித்துப் புளிக்கரைசல். புளிய மரம் மட்டும் இந்த மலையில் கிடையாது. குளிருக்கு வராது. மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிப் போகிறவர்கள் அங்கே கோயில் பக்கத்து மரத்தில் புளியங்கொழுந்து பறித்துத் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். பாதி பருப்போடு கடைய, பாதி வதக்கி முட்டியில் கட்ட.

அப்போது சின்னக்கருப்பன் கொழுந்து மூட்டை தூக்கி லோரியில் ஏற்றுகிற இளவட்டம். ஒருநாள் மூட்டையோடு சறுக்கி விழுந்தான். கணுக்கால் பலாக்கொட்டை மாதிரி புடைத்துக்கொண்டது. பாஞ்சாலையின் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவள் தலையை நிமிர்த்தாமல் பத்துப் போட்டாள். போட்டு முடித்துக் கரண்டியைக் கீழே வைத்ததும், அவன் விரலால் ஒரு வழி வழித்து நாக்கில் வைத்தான்.

"ஐயோ, என்னா செய்றீங்க? அது மருந்து!"

"மருந்துதான். உப்பு கொறவு."

சுற்றி நின்ற சனமெல்லாம் சிரித்தது. அடுத்த தையில் கல்யாணம்.

அன்றைக்குப் பிடித்த பேச்சை அவர் விடவே இல்லை. ரசம் ஊற்றினால் முதல் வாயிலேயே "உப்பு கொறவு" என்பார். சொல்லிவிட்டு டம்ளரை நீட்டுவார்.

"கொறவுன்னு சொல்றவரு எதுக்கு மூணாவது டம்ளரு கேக்குறீங்க?"

"கொறவு எந்த எடத்துல இருக்குன்னு தேடுறேன் புள்ள."

மகள் துளசி கிள்ளான் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், இரண்டு பேர் மட்டும் மிஞ்சின வீட்டில், தினமும் இந்தப் பேச்சு நடந்தது. நோய் வந்த பிறகுதான் நின்றது. உப்பும் இல்லை, ரசமும் இல்லை, குறை சொல்ல என்ன இருக்கிறது?

அவர் ஒருநாளும் ரசம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் பலகைச் சுவர் வழியாக அம்மாக்கண்ணு வீட்டு வாசம் வந்தால் சோற்றுத் தட்டில் கை அப்படியே நிற்கும். அதைப் பாஞ்சாலை பார்த்தாள். அம்மாக்கண்ணுவிடம் போய்ச் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்த லைனில், திங்கள் புதன் வெள்ளியில் வேன் கிளம்பிய பிறகுதான் ரசம் கொதித்தது. ஆறு வீடும் அப்படியே. வேன் திரும்பி வருவதற்குள் குடித்து முடித்து, சட்டி கழுவி, கதவைத் திறந்துவிட்டு வாசத்தைப் போக்கிவிடுவார்கள்.

"என்னா புள்ள, லைன்ல ஒருத்தனும் ரசம் வைக்கிறதில்லையா இப்ப?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"யாருக்கு நேரம் இருக்கு? எல்லாம் மேகிதான்."

"நாசமாப் போச்சு" என்று வருத்தப்பட்டார்.

கொழுந்து வேலையை விட்டபின் பாஞ்சாலை, சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கிற கியா பார்மில் ஒரு காய்கறிக் கடையில் நின்றாள். கடைப் பலகைக்குக் கீழே டப்பாவில் கொஞ்சம் புளி வைத்திருப்பாள். வளைந்து வளைந்து ஏறுகிற சாலையில் குடல் புரண்டு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு, உப்புத் தொட்டு ஒரு நெல்லிக்காய் அளவு கொடுப்பாள். ஒருநாள் அப்படி இறங்கியவள் நல்ல உயரமான கறுத்த பெண். தலையில் முக்காடு. முகம் வாடி, ஸ்ட்ராபெரிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். பாஞ்சாலை புளியை நீட்டினாள்.

"மக்கான், மக்கான். அசாம் ஜாவா" என்று மலாயில் சாப்பிடச் சொன்னாள். மலாயில் புளிக்கு ஜாவாப் புளிப்பு என்று பேர்.

வாயில் போட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்தது. அரைகுறை மலாயில் பேசத் தொடங்கினாள். சூடான்காரியாம். ஈப்போவில் படிக்கிறாளாம். "ஜாவா இல்லை அத்தை, இது எங்கள் ஆப்பிரிக்கா மரம். எங்கள் ஊரில் யாரும் நடாமல் தானாக நிற்கும்" என்றாள். அவர்கள் பாஷையில் ஒரு பெயர் சொன்னாள். பாஞ்சாலையின் வாயில் அது நுழையவில்லை. காய்ச்சலென்றால் அவள் அம்மா இதை ஊறவைத்துச் சர்க்கரை போட்டுக் கொடுப்பாளாம். வயிற்றுக்கும் அதுதானாம். நோன்பு திறக்கும்போது ஊரே இதைக் குடிக்குமாம். சொல்லிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு, விரலில் ஒட்டியிருந்ததையும் நக்கினாள். அம்மாவை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பாஞ்சாலை டப்பாவையே அவளிடம் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து புருஷனிடம் இதைச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். சிரிப்பாரே என்றுதான் சொன்னாள். சிரிக்கத்தான் செய்தார்.

"அப்ப அதுவும் நம்மளாட்டம் கப்பலேறி வந்த சாதியா? வந்த எடத்துல ஒவ்வொருத்தன் சட்டியிலயும் பூந்துருச்சு பாரு. கெட்டிக்கார மரம்."

கொஞ்ச நேரம் கழித்து, கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டு, வேறு குரலில் சொன்னார்.

"ஆப்பிரிக்காவுல குடிக்கிறான். நோம்புக்குக் குடிக்கிறான். ஒலகமே குடிக்குது. நான் ஒருத்தன்தான் பாக்கி."

பாஞ்சாலை அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு நாளு, பாஞ்சால. ரெண்டு மடக்கு. அதுக்கு மேல கேட்டா என் பேரு சின்னக்கருப்பன் இல்ல."

ஒன்றரை வருஷத்தில் அவர் வாய்விட்டு ரசம் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை பாஞ்சாலை கடைக்கு லீவு போட்டுவிட்டு வேனில் கூடவே போனாள். அஸ்லினா மிஸ்ஸியைத் தனியே கூப்பிட்டு, முந்தானையை முறுக்கிக்கொண்டு கேட்டாள். மிஸ்ஸி திட்டுவாள் என்று நினைத்தாள். மிஸ்ஸி அவள் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"திங்கக்கெழம கொண்டாங்க. அவரு மெஷின்ல படுத்த ஒடனே, மொத மணி நேரத்துக்குள்ள, ரெண்டே மடக்கு. அப்ப மெஷின் அதை இழுத்துரும். வீட்டுல ஒரு சொட்டு ஆகாது. வெளங்குதாம்மா? மெஷின்ல இருந்தாத்தான்."

"வெளங்குது மிஸ்ஸி."

சனியும் ஞாயிறும் விடாமல் மழை. திங்கள் காலையில் பாஞ்சாலை அம்மாக்கண்ணு வீட்டிலிருந்து ஜாடியைத் தூக்கி வந்தாள். மிளகு சீரகம் தட்டினாள். பூண்டை நசுக்கினாள். உப்பை மட்டும் கிள்ளிப் போட்டாள். நுரை கூடி வந்ததும் இறக்கி, சின்ன ஃபிளாஸ்க்கில் ஊற்றி இறுக்கி மூடினாள். சின்னக்கருப்பன் பெட்டிபோட்ட வெள்ளைச் சட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்னா மாமா, பொண்ணு பாக்கவா?" என்றான் வேன் ஓட்டுகிற தர்மா.

"ரசம் பாக்கடா. வாய மூடிக்கிட்டு ஓட்டு."

ஃபிளாஸ்க்கைப் பாஞ்சாலையிடம் கொடுக்க மாட்டேன் என்று தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

தோட்டத்துக்குப் போகவர ஒரே சாலை. இரண்டாவது வளைவு திரும்பியதும் தர்மா பிரேக் போட்டான். மலை இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்திருந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு, வரிசை கலையாமல், மண்ணோடு சரிந்து கிடந்தன. செய்தி கேட்டு வந்த தோட்டத்து மேனேஜர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போன் பேசினார். மண் அள்ளுகிற மெஷின் வர வேண்டும். மறுநாள் காலையில்தான் வழி கிடைக்கும். தர்மா போனைப் போட்டுக் கொடுக்க, அஸ்லினா மிஸ்ஸி பாஞ்சாலையிடம் பேசினாள். "வழி விட்ட ஒடனே கொண்டாந்துருங்கம்மா. முதல் ஆளா ஏத்திக்கிறேன். அதுவரைக்கும் தண்ணி ரொம்பக் கம்மி. கண்டதைக் கொடுத்துராதீங்க. வெள்ளிக்கெழமைக்கப்புறம் எல்லாம் ஒடம்புலயே நிக்குது."

வேன் திரும்பியது. லைன் வாசலில் இறங்கியதும் சின்னக்கருப்பன் மூக்கை உயர்த்தினார். திங்கட்கிழமை. வேன் போய்விட்டது என்ற தைரியத்தில் ஆறு வீட்டிலும் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு வெளியே வந்த அம்மாக்கண்ணு அவரைப் பார்த்ததும் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"ஓஹோ! இதான் மேகியா?"

"இல்ல தம்பி… இன்னிக்கித்தான்…"

"ஒன்றர வருசமா என்னைய வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, களவாணிச் சாப்பாடு சாப்புட்டிருக்கீங்க. வயசான பொம்பள, ஒனக்கு வெக்கமால்ல அக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு முடிவதற்குள் மூச்சு வாங்கியது. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது மூச்சு வாங்கியதால் இல்லை. ஒரு லைனே தனக்காக அடுப்பை நேரம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபிளாஸ்க் மடியில் இருந்தது.

"பாஞ்சால."

"வேணாங்க."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"தெரியும். வேணாம். மெஷின்ல இருந்தாத்தான்னு மிஸ்ஸி சொன்னிச்சு."

"மெஷினு மண்ணுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். ரசம் என் மடியில. நான் என்னா செய்ய?"

"நாளைக்குப் புதுசா வச்சுத் தர்றேன். ஒரு ராத்திரி பொறுங்க."

"ஒரு மடக்கு."

"இல்ல."

"மூடிய தெறந்து மோந்தாச்சும் பாக்குறேன்."

அவர் மூடியில் கை வைத்தார். மூடி ஒரு சுற்றுத் திரும்பியதும் பாஞ்சாலைக்குப் பயம் பிடித்தது. மோந்தால் குடிப்பார். குடித்தால் நெஞ்சு நிற்கும். ஃபிளாஸ்க்கை வெடுக்கென்று பிடுங்கினாள். நேரே பின்வாசலுக்குப் போனாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடையில் கவிழ்த்தாள். ஆவி எழுந்தது. காய்கறித் தண்ணீரைக் கொட்டிக் கொட்டிப் பழகின கை, ஒரு சொட்டு மிஞ்சாமல் கவிழ்த்துவிட்டது.

திரும்பி வந்தபோது அவருக்குக் கோபமில்லை.

"சரி விடு புள்ள" என்றார். "உப்பு கொறவாத்தான் இருந்திருக்கும்."

காலையில் மழை விட்டிருந்தது. தூரத்தில் மண் அள்ளுகிற மெஷின் சத்தம் கேட்டது. பாஞ்சாலை மறுபடி அடுப்பைப் பற்றவைத்து ரசத்துக்குப் புளி ஊறப்போட்டாள். சின்னக்கருப்பன் அதே வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"காலு ரெண்டும் பஞ்சாட்டம் இருக்கு புள்ள. பலமே இல்ல."

"இந்தா, வேன் வந்துரும்" என்று சொல்லிவிட்டு அவருடைய காலுறையை எடுக்க உள்ளே போனாள். அவள் எடுத்துக்கொண்டு வருவதற்குள், சொல்லாமல் கொள்ளாமல், நெஞ்சு நின்றுவிட்டது. தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பாஞ்சாலை ஒரு காலில் காலுறையைப் போட்டுவிட்ட பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

வழி திறந்ததும் வந்த தர்மா, எப்போதும் போல வாசலில் ஹாரன் அடித்தான்.

நீ சரியாகத்தான் செய்தாய் என்று எல்லாரும் சொன்னார்கள். அஸ்லினா மிஸ்ஸி துக்கத்துக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்திருந்தா, அதாலதான் போனாருன்னு காலம் பூரா நெனச்சிருப்பீங்கம்மா" என்றாள். பாஞ்சாலை தலையை ஆட்டினாள். உண்மைதான். சரியாகச் செய்ததை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவள் அழவில்லை. மகள் துளசி கட்டிக்கொண்டு அழுதபோதும் அவளுக்கு வரவில்லை. சாக்கடையில் எழுந்த அந்த ஆவியே கண்ணுக்குள் நின்றது.

பதினாறாம் நாள் கருமாதி. போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும்.

"அம்மா, ரசத்தை நான் வைக்கிறேன்" என்றாள் துளசி.

"ஒனக்குத் தெரியாது. தள்ளு."

புளியை ஊறவைத்துக் கரைத்தாள். கைக்கெட்டின தண்ணீரை எடுத்துச் சாக்கடைப் பக்கம் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது, கொட்டியது புளிக்கரைசலை என்று. அம்மாக்கண்ணு பார்த்தாள், ஜாடியை இன்னொரு முறை அவள் பக்கம் நகர்த்தினாள். இரண்டாம் தடவை கரைத்தாள். உப்பு டப்பாவைத் திறந்ததும் கை அந்தரத்தில் நின்றது. ஒன்றரை வருஷமாகக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட விரல்கள். பழைய அளவு எது? கைக்கு மறந்துபோயிருந்தது. படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது. குத்துமதிப்பாக அள்ளிப் போட்டாள்.

வாழை இலையில் எல்லாம் வைத்து, ரசத்தை அந்தச் சின்ன ஃபிளாஸ்க்கிலேயே ஊற்றி, மூடியைத் திறந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். ரெண்டு மடக்கு இல்லை, கழுத்துவரை. சூடம் காட்டி, வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். வெயில் அடித்தது. பாஞ்சாலை சாத்தின கதவின் பக்கமே காதை வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. பந்தி போட்டார்கள். அம்மாக்கண்ணு சோற்றைக் குழைத்து, ரசம் ஊற்றி, ஒரு வாய் வைத்தாள். வைத்ததும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. சட்டென்று குனிந்து இலையைப் பார்த்தாள்.

பாஞ்சாலை ரசச் சட்டியோடு எதிரில் நின்றாள்.

"என்னாக்கா?"

"ஒன்னுமில்ல. நல்லாருக்கு."

"சொல்லுங்கக்கா."

"நல்லாருக்குன்னு சொல்றேன்ல."

"என் மேல சத்தியமா சொல்லுங்க."

அம்மாக்கண்ணு நிமிரவில்லை.

"உப்பு கொறவுடி" என்றாள்.

பாஞ்சாலை சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு அந்த இடத்திலேயே, பந்திக்கு நடுவில், உட்கார்ந்தாள். பதினாறு நாளாக வராதது அப்போது வந்தது. துளசி ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். அம்மாக்கண்ணு எச்சில் கையாலேயே அவளைத் தடுத்து, அழட்டும் விடு என்று சொன்னாள்.